ஹேமநாத் எழுதிய வாசல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்பு உருட்டாலைகளுக்குப் பின்னால், இறாலுக்கு ஐஸ் தயாரித்து மூடிப்போன கொட்டகை ஒன்று இருந்தது. 2003இல் ரஷீத் பாய் அதைக் கழுவிவிட்டு, கம்ப்யூட்டர்களை இறக்கி, கேம் கம்பெனி என்று போர்டு மாட்டினார். எவ்வளவு கழுவியும் இறால் வாசனை போகவில்லை. அவருடைய வீட்டார் பழவேற்காட்டில் தலைமுறையாக இறாலும் கருவாடும் வியாபாரம் செய்தவர்கள். துபாயில் இருந்தபோது, ஒரே அறையில் வரிசையாக உட்கார்ந்த பையன்கள் கம்ப்யூட்டரில் ஒருவரையொருவர் சுட்டு விளையாடுவதைப் பார்த்திருக்கிறார். இங்கேயும் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் திறந்துகொண்டிருந்தார்கள். இனி இறாலைவிட இதுதான் ஓடும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

நான் அங்கே படம் வரையும் வேலையில் இருந்தேன். செவ்வாப்பேட்டையில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்து வருவேன். ஹேமநாத் கடல் பக்கமிருந்து வருவான், பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து பொன்னேரி வரை பஸ், பிறகு ரயில். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தவன். பேச்சு குறைவு. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் எப்போதும் மீன்தான். அதை மூடியபடியே சாப்பிடுவான், ஏதோ திருடித் தின்பவன் போல.

அவனைப் படிக்க வைத்தது அண்ணன் அருணகிரி. அப்பா இல்லாத வீடு. அருணகிரி ஒரு உருட்டாலையில் ஒப்பந்தக் கூலியாகக் கம்பி தூக்கினார். அதோடு ஏரியில் அவருக்குப் பாடு இருந்தது. பாடு என்பது முறை. முகத்துவாரத்தை ஒட்டி இறால் விழுகிற இடங்கள் சில உண்டு. அங்கே எல்லாரும் ஒரே நாளில் வலை போட முடியாது. குப்பத்தார் கூடிச் சீட்டுப் போட்டு, இந்த நாள் இந்த இடம் இன்னாருக்கு என்று முடிவு செய்வார்கள். தன் முறை வருகிற அன்று வீட்டிலிருந்து ஆள் போய் நிற்க வேண்டும். தொடர்ந்து நிற்காமல் விட்டால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். ஒருமுறை போனால் திரும்பக் கேட்க முடியாது.

ஆலையும் வேண்டும், பாடும் வேண்டும். அதனால் குப்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பாடு வருகிற அன்று அருணகிரி ஏரிக்குப் போவார். அவருக்குப் பதிலாக மச்சான் சடையப்பன் ஆலைக்குப் போய், அருணகிரி என்று பெயர் சொல்லி உள்ளே நுழைவார். சடையப்பனுக்குப் பாடு வந்தால் இன்னொருவர். ஆள் நிறுத்துவது என்று அதற்குப் பெயர். ஆலையில் மேஸ்திரிக்கு இது தெரியும். காலையில் தலையை எண்ணுவார், எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். எந்தத் தலை எவருடையது என்று அவர் கேட்டதில்லை. அவரிடம் யாரும் சொன்னதும் இல்லை.

கொட்டகையில் முதலில் செய்த விளையாட்டு காத்தாடி. பொன்னேரி சென்டரில் ஒருவன், திருவள்ளூர் சென்டரில் ஒருவன், இருவர் திரையிலும் ஒரே வானம். மாஞ்சா நூலால் அடுத்தவன் காத்தாடியை அறுக்க வேண்டும். விளையாடுகிறவன் நூலை இழுத்தால், அவனுடைய கம்ப்யூட்டரிலிருந்து கொட்டகையில் இருந்த சர்வருக்கு ஒரு செய்தி வரும். நூல் விட்டேன், இழுத்தேன், அறுத்தேன் என்று ஒவ்வொன்றும் ஒரு செய்தி. வந்த செய்தியை வாங்கிக்கொண்டு ஆக வேண்டியதைச் செய்கிற சின்ன நிரலுக்கு ஹேண்ட்லர் என்று பெயர். அவற்றை எழுதுவதுதான் ஹேமநாத்தின் வேலை.

பொன்னேரியில் சென்டர்காரர்களைக் கூட்டி, பிரியாணி வாங்கிப் போட்டு, ரஷீத் பாய் விளையாட்டைக் காட்டினார். நூலை விட்டதும் எல்லாக் காத்தாடிகளும் தலைகீழாகத் தரைக்குள் இறங்கின. மேலும் விட்டால் மேலும் ஆழத்துக்குப் போயின. ஒரு சென்டர்காரர் எலும்பைக் கடித்துக்கொண்டே, "காத்தாடின்னு கூட்டிக்கினு வந்து போர் போட்டுக் காட்றீங்களே பாய்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ரஷீத் பாயும் சிரித்தார். ஹேமநாத் சிரிக்கவில்லை. காத்தாடியின் உயரம் ஓர் எண், நூலின் நீளம் ஓர் எண். ஓரிடத்தில் இரண்டையும் இடம் மாற்றி எழுதியிருந்தான். இரண்டும் எண்தான் என்பதால் கம்ப்யூட்டர் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுத ஆரம்பித்தான். மாதக்கணக்கில் எழுதினான். இந்தத் தடவை உயரம் ஒரு வகை, நீளம் வேறு வகை. ஒன்றைக் கேட்கிற இடத்தில் மற்றதைக் கொடுத்தால் நிரல் உருவாகவே உருவாகாது. எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றுகிற கம்பைலர் அந்த வரியைக் காட்டி நின்றுவிடும். ஒவ்வொரு செய்தியும் ஒரு வகை, ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஹேண்ட்லர், அந்த ஹேண்ட்லருக்குள் வேறு செய்தி எந்த வழியிலும் நுழைய முடியாது. ஆட்களையும் அப்படியே பிரித்தான். வெளியிலிருந்து வருகிறவர் முதலில் வெறும் 'யாரோ'. பெயரும் பாஸ்வேர்டும் சரிபார்த்த பிறகுதான் 'தெரிந்தவர்'. ஹேண்ட்லர்கள் தெரிந்தவரை மட்டுமே ஏற்கும். யாரோ தெரிந்தவர் ஆவதற்கு அந்த ஒரு வாசல்தான், வேறு வாசலை எழுத நினைத்தாலும் எழுத முடியாதபடி செய்திருந்தான்.

காத்தாடியைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. அதில்தான் அவனுக்குப் பெருமை. நாளைக்கு வேறு விளையாட்டு வந்தால் அதன் செய்திகளை மட்டும் அறிவித்தால் போதும், அடியில் இருப்பதைத் தொட வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் எனக்கு விளக்குவான். அப்போது மட்டும் டப்பாவை மூட மறந்துவிடுவான்.

"சொல்லிட்டா போதும் பானு. இன்னின்னது வரும்னு முன்னாடியே சொல்லி வச்சிட்டா, அதுக்குன்னு ஒரு எடம் கெடைச்சிடும். சொல்லாம வர்றதுதான் பேஜாரு."

ஆனால் காத்தாடி வெளியே வரவேயில்லை. டயல்-அப் இணைப்பில் 'அறுத்தேன்' என்ற செய்தி வந்து சேர்வதற்குள், அறுத்தவனுடைய காத்தாடியே அறுந்திருக்கும். பிறகு கரண்ட் போகும். சென்டர் பையன்கள் பக்கத்து மெஷினில் இருப்பவனைச் சுடப் போய்விட்டார்கள். அடுத்து சென்னைக் கம்பெனி ஒன்று மாட்டுவண்டிப் பந்தயம் கேட்டது. ஹேமநாத் தன் நிரலைச் சீக்கிரமே அதற்குப் பொருத்திவிட்டான், உள்ளே ஒரு வரி மாற்ற வேண்டியிருக்கவில்லை. பாதியில் அந்தக் கம்பெனி போனை எடுப்பதை நிறுத்திவிட்டது. எனக்கு அந்தக் கொட்டகையும் வாசனையும் அலுத்துவிட்டன. வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினேன். கிளம்புகிற அன்று அவனையும் வெளியே எங்காவது போகச் சொன்னேன். பெங்களூரில் இந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்றேன். சர்வரில் எதையோ பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

"ஒரு தடவையாவது இது நெஜமா ஓடணும். நெஜ ஆளுங்க வரணும், போவணும். அண்ணன் கேட்டுக்கினே கீது, இன்னாடா பண்ற, காட்டுடா, காட்டுடான்னு. காட்ட ஒன்னும் இல்ல."

எங்கெங்கோ இருந்தேன். மெயில் பார்க்க வாய்த்த இடங்களில் எல்லாம் அவனிடமிருந்து ஏதாவது வந்திருக்கும். செல்போனில் ஆடுகிற கபடி ஒன்று ஆரம்பித்து அதுவும் நின்றது. ரஷீத் பாயின் வீட்டில் இறால் வியாபாரமும் படுத்துவிட்டது. பாதி மெஷின்களை விற்றார்கள். ஒவ்வொரு மெயிலிலும் முடிவில் அதே வரி இருக்கும்: இந்தத் தடவை பொருத்துவது இன்னும் சுலபமாக இருந்தது. விளையாட்டு செத்துப்போனதைப் பற்றி ஒரு வாக்கியம், பொருத்தியதைப் பற்றிப் பத்து வாக்கியம்.

2007இல் வந்த மெயில் மட்டும் நீளமாக இருந்தது. அருணகிரி வேலை செய்த உருட்டாலையிலேயே வாசலுக்கு மெஷின் வைக்கப் போகிறார்கள், அந்த வேலை ரஷீத் பாய்க்குக் கிடைத்துவிட்டது. தொழிலாளி கார்டைக் காட்டிக் கட்டைவிரலை வைக்க வேண்டும். சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும், இல்லையென்றால் சிவப்பு. ஆலைக்கு மூன்று வாசல். மூன்றிலிருந்தும் செய்திகள் ஒரே சர்வருக்கு வரும். வந்தார், போனார், ஷிப்டு மாறினார். கார்டும் விரலும் ஒத்துப்போகும்வரை அவர் யாரோ, ஒத்துப்போனால் தெரிந்தவர். அடியில் ஒரு வரி மாற்றவில்லையாம். ஒரு விதத்தில் இதுவும் பல பேர் சேர்ந்து ஆடுகிற விளையாட்டுதான் என்று எழுதியிருந்தான்.

அதற்குப் பிறகு மெயில் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து நான் திரும்பி வந்தபோது, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் அவனைப் பார்த்தேன். தோளில் பை, பையில் கண்ணாடி துடைக்கிற துணியும் ஒரு பாட்டில் ஸ்பிரிட்டும். நடந்ததை அவன் ஒரே மூச்சில் சொல்லவில்லை. கொஞ்சம் அவன் சொன்னான், கொஞ்சம் ரஷீத் பாய், மீதியை அவனுடைய அம்மா எல்லம்மா.

மெஷின் வைத்த நாள் அவனுக்குக் கல்யாண நாள் மாதிரி இருந்திருக்கிறது. தொழிலாளர்களின் விரலை எல்லாம் பதிந்துகொள்ள ஆலையில் வரிசை நிறுத்தினார்கள். அருணகிரியின் முறை வந்தபோது மெஷினுக்குப் பின்னால் தம்பி நின்றான். கட்டைவிரல் உடனே பதியவில்லை. வலைக்கயிறு இழுத்து இழுத்து வழவழவென்று ஆகியிருந்தது.

"ஏரி நக்கித் தின்ன வெரலுடா. அதுல இன்னா ரேகை கெடைக்கும் ஒனக்கு?" என்றார் அருணகிரி.

துடைத்து, அழுத்தி, திருப்பித் திருப்பி வைத்தபின் பச்சை எரிந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்களிடம் அருணகிரி திரும்பி, இது நம்ம தம்பி கட்டியது என்று சொன்னாராம். ஹேமநாத் இதை என்னிடம் சொல்லும்போது பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

ஒரு தப்பும் நேரவில்லை. ஷிப்டுக்கு ஷிப்டு நூற்றுக்கணக்கானவர்கள் வந்தார்கள், போனார்கள். ஒருவர் பெயரில் ஒருவர் ஏறவில்லை, ஒரு செய்தி தொலையவில்லை. காத்தாடிக்குக் கிடைக்காத கூட்டம் வாசலுக்குக் கிடைத்தது. முதல் சில நாள் வேலை இல்லாதபோதும் அவன் ஆலை வாசல் டீக்கடையில் நின்று பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று ரஷீத் பாய் சொன்னார்.

பிறகு அருணகிரிக்குப் பாடு வந்தது. அவர் ஏரிக்குப் போனார். சடையப்பன் அவருடைய கார்டை எடுத்துக்கொண்டு ஆலைக்கு வந்தார். விரலை வைத்தார், சிவப்பு. துடைத்து வைத்தார், சிவப்பு. வாட்ச்மேனுக்கு அவரை நன்றாகத் தெரியும். வாட்ச்மேனே கதவைத் திறந்துவிடப் பார்த்தார், திறக்கவில்லை. யாரோ தெரிந்தவர் ஆவதற்கு வேறு வழியே இல்லாதபடி எழுதப்பட்ட கதவு அது. சடையப்பன் திரும்பிப் போனார். அன்று அருணகிரி வேலைக்கு வரவில்லை என்று பதிவானது.

பாடு என்று ஒன்று இருப்பதை நீ மறந்துபோனாயா என்று நான் ஹேமநாத்தைக் கேட்டேன். அவன் பிறந்து வளர்ந்ததே அதில்தானே. மறக்கவில்லை என்றான். அது ஒரு செய்தி என்று தோன்றவே இல்லை என்றான்.

சிவப்பு எரிந்த அன்று சாயங்காலம் அருணகிரி படகைக் கரையேற்றிக்கொண்டிருந்தார். தம்பி ஒத்தாசைக்குப் போனான். அவர் கோபமாக இல்லை. இதைச் சரி செய்வது தம்பிக்குச் சின்ன விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா வச்சிக்கிற அங்க? சடையப்பன செவப்பு காட்டித் தொரத்திட்சாமே."

"அவரு வெரல் வேறண்ணா."

"வெரல் வேறதான். வேல அதே வேலதானே? நான் தூக்குற கம்பியத்தான் அவனும் தூக்குறான். ஒரு சந்து வுடுடா. ஒரு ஆள் நொழையற மாதிரி. போதும்."

ஒரு சந்து விட்டால் அது வாசலே இல்லை என்று ஹேமநாத் விளக்கப் பார்த்தான். காத்தாடி தரைக்குள் போன கதையிலிருந்து ஆரம்பித்தான். அருணகிரி பாதியிலேயே நிறுத்தினார்.

"கண்ணே வுடாம எவனாவது வல பின்னுவானாடா? தண்ணி போவ வேணாம்?"

"மொறையா பண்ணித் தரேண்ணா. பேர் சொல்லி, எல்லாருக்கும் தெரியற மாதிரி."

"மொறையும் வேணாம், ஒன்னும் வேணாம். சந்து வுடு."

ஹேமநாத் சந்து விடவில்லை. அதைவிட நல்லது ஒன்று செய்தான், அப்படித்தான் நினைத்தான். பதிலாள் என்று ஒரு புது வகைச் செய்தியை அறிவித்தான். தொழிலாளி முன்கூட்டியே தனக்குப் பதில் நிற்கக்கூடியவரைக் கூட்டி வந்து, இருவரும் விரல் பதிய வேண்டும். பாடு வருகிற அன்று பதிலாள் தன் பெயரிலேயே, தன் விரலோடு உள்ளே போவார். கூலி யாருடைய கணக்கில் ஏற வேண்டுமோ அங்கே ஏறும். பொய்யே கிடையாது. ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்துவிட்டான். அவ்வளவு சீக்கிரம் முடிந்ததே அவனுக்குச் சந்தோஷம். இத்தனை வருஷம் அவன் ரஷீத் பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்: புதிதாக எது வந்தாலும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம், பழையதில் ஒன்றும் கெடாது.

ரஷீத் பாய் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது, ஆனால் நமக்கெதற்கு என்றாராம். கேட்டால் செய்வோம், கேட்காததை ஏன் கொண்டுபோய் நீட்ட வேண்டும் என்றார். இதை என்னிடம் சொல்லும்போது, அவனைத் தான் தடுத்திருக்கலாம் என்றும் சொன்னார், தடுத்தாலும் அவன் கேட்டிருக்க மாட்டான் என்றும் சொன்னார்.

ஆலையில் ஆட்கள் விவகாரம் பார்க்கும் அதிகாரி சுப்பராயன். ஹேமநாத் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு அவரைப் பார்க்கப் போனான். சுப்பராயன் அவனை உட்கார வைத்து டீ வரவழைத்தார். ஏற்கெனவே மெஷினில் அவருக்கு ரொம்பத் திருப்தி. ஹேமநாத் பாடு என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தான். சீட்டு எப்படிப் போடுவார்கள், முறை எப்படிச் சுற்றி வரும், விட்டால் எப்படிப் போய்விடும் என்று மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டுகளை நகர்த்தி நகர்த்திக் காட்டினான். சுப்பராயன் நிஜமாகவே ஆர்வமாகக் கேட்டார். எத்தனை காலமாக ஆள் நிறுத்துகிறார்கள் என்றார். ஆலை ஆரம்பித்ததிலிருந்தே என்றான் ஹேமநாத். எந்தெந்தக் குப்பத்து ஆட்கள் என்றார். அவன் வரிசையாகச் சொன்னான். மேஸ்திரிக்குத் தெரியுமா என்றார். தெரியும் என்றான். அவன் பொய் சொல்லிப் பழகாதவன். அதோடு அன்று பொய் சொல்ல என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி, ஒழுங்காக ஓரிடம் வாங்கத்தான் வந்திருந்தான்.

பிறகு லாப்டாப்பைத் திறந்து பதிலாள் எப்படி வேலை செய்யும் என்று காட்டினான். சுப்பராயன் முழுவதும் பார்த்தார். மூடச் சொன்னார்.

"உங்க வேலைய நான் குறை சொல்லல தம்பி. ஆனா ஒன்னு கேக்கறேன். இத்தன வருஷத்துல உள்ள ஒருத்தன் உலைக்கிட்ட விழுந்து செத்திருந்தா, யார் செத்தாங்கன்னு நான் எழுதியிருப்பேன்? யார் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருப்பேன்?"

ஹேமநாத் லாப்டாப்பைப் பையில் வைத்தான். அதனால்தான் பதிலாளைப் பெயரோடு பதிகிறோம் என்று சொல்லியிருக்கலாம். அது அவனுக்கு ரயிலில் வரும்போது தோன்றியது. தோன்றி என்ன செய்ய? சுப்பராயன் கெட்டவர் இல்லை, அவர் கேட்டதும் தப்பில்லை என்று இன்றும் சொல்கிறான்.

அந்த மாதம் ஒப்பந்தம் புதுப்பித்தபோது, ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து ஆள் எடுக்கக் கூடாது என்று ஆலை சொல்லிவிட்டது. மேஸ்திரியை வேறு வேலைக்கு மாற்றினார்கள். ஒரிசாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆலைக்குப் பின்னாலேயே தகரக் கொட்டகையில் தங்கினார்கள். அவர்களுக்குப் பாடும் இல்லை, பதில் நிற்க மச்சானும் இல்லை. அருணகிரி, சடையப்பன், இன்னும் குப்பத்தில் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்த எல்லாரும் ஒரே நாளில் வெளியே நின்றார்கள். கார்டைக் காட்டி விரலை வைத்தார்கள். மெஷினுக்கு இப்போது அருணகிரியும் யாரோதான்.

அருணகிரி அடிப்பார் என்றுதான் எல்லம்மா பயந்திருக்கிறாள். அவர் அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, சோறு போடச் சொல்லி, சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்து தம்பியைப் பார்த்துப் பேசினார். அவர் தம்பியிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

"கேட்டா இல்லன்னுதானடா சொல்லுவான். அதனாலதான் இத்தினி வருசமா எவனும் கேக்கல. நீ எதுக்குடா போய்க் கேட்ட?"

அதற்குப் பிறகு அவர் கிருஷ்ணபட்டணம் பக்கம் துறைமுகக் கட்டுமான வேலைக்குப் போய்விட்டார். ஆந்திராவில், குப்பத்திலிருந்து தினம் போய்வர முடியாத தூரத்தில். விசேஷத்துக்கு வருவார், எல்லம்மாவிடம் பேசுவார், போவார். தம்பி வீட்டில் இருந்தால் படகருகில் உட்கார்ந்திருப்பார்.

பதிலாள் நிரலை ரஷீத் பாய் எடுத்துவிடச் சொன்னார். எடுத்தால் வேறு எங்காவது கெடும், சரி செய்ய நாளாகும் என்று ஹேமநாத் மனதுக்குள் எதிர்பார்த்தானாம். ஒரு வரியை அழித்தான், அவ்வளவுதான். எதுவும் கெடவில்லை. அது இருந்த சுவடே இல்லாமல் எல்லாம் முன்போலவே ஓடியது. அப்படி எடுக்க முடிவதுதான் நல்ல நிரல் என்று அவனே எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

இப்போது சிப்காட்டில் பல ஆலைகளில் அந்த வாசல் இருக்கிறது. ரஷீத் பாய் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டார். கேம் கம்பெனி போர்டைக் கழற்றிவிட்டு வேறு போர்டு மாட்டியிருக்கிறார். ஹேமநாத் ஆலை ஆலையாகப் போய் விரல் வைக்கிற கண்ணாடியைத் துடைக்கிறான், வயர் பார்க்கிறான், புது ஆட்களைப் பதிகிறான். புதிதாக எழுத ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்பப் பயன்படுகிற மாதிரி எழுதிவிட்டான், ஆகவே திரும்ப எழுதத் தேவையில்லை. இங்கிருந்து கிளம்பு, நான் பார்த்த ஊர்களில் உனக்கு எங்கேயும் வேலை கிடைக்கும் என்றேன். எனக்கு ஓரிடத்தில் ஒரு மாதம் இருந்தாலே கால் அரிக்கும், அதனால் எல்லாரிடமும் இதைத்தான் சொல்கிறேன். அவன், மறுநாள் தங்கள் வீட்டுக்குப் பாடு என்று மட்டும் சொன்னான்.

அண்ணன் ஊரில் இல்லை. ஆள் நிற்காவிட்டால் முறை போய்விடும். ஆகவே தம்பி நிற்கிறான். கொட்டகையிலும் இப்போது விரல் வைக்கிற மெஷின் உண்டு. பாடு வருகிற நாளில் அவனுக்கு அங்கே யாரும் பதில் நிற்க முடியாது, சம்பளம் போய்விடும். ரஷீத் பாய் வேண்டுமானால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார், மெஷின் விடாது.

நானும் கூடப் போனேன். விடிந்துகொண்டிருந்தது. கரையில் குப்பத்துப் பெரியவர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். அவன் பிறந்ததிலிருந்து அவனைப் பார்த்தவர்கள், இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள்.

"யாரு பாடு?"

"அருணகிரி பாடு."

"அவன் எங்க?"

"வேலைக்குப் போய்க்கீது. நான் நிக்கிறேன்."

"நில்லு" என்றார் ஒருவர். அவ்வளவுதான். இன்னொருவர் அவன் முகத்தைப் பார்க்காமல் பீடியைப் பற்றவைத்தார். அவருடைய மகனும் ஆலை வேலை போனவன்.

சடையப்பன் கழியை ஊன்றினார், ஹேமநாத் வலையை இறக்கினான். இறக்கும்போது ஒரு பக்கம் சுருண்டுவிட்டது. சடையப்பன் வந்து பிரித்துவிட்டார். ஆலை வேலை போன நாளிலிருந்து அவரும் இவனிடம் அதிகம் பேசுவதில்லை. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது, ஆனால் இறாலைக் கொண்டுவருகிற இழுப்பு இல்லை. முகத்துவாரம் மணலேறிக் கிடந்தது. வெயில் ஏறும்வரை இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்கள். வலையைத் தூக்கியபோது நண்டும் பாசியும், நடுவில் கொஞ்சம் பொடி இறாலும் கிடைத்தன. கூடையின் அடி மறையவில்லை. சடையப்பன் தன் பங்கை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் எல்லம்மா செல்போனில் பெரிய மகனைக் கூப்பிட்டாள். லைன் கிடைக்க நேரமாயிற்று. கிடைத்ததும், காது கேட்காதவரிடம் சொல்வது போலச் சத்தமாகச் சொன்னாள்.

"ஒம் பாட்டுக்குத் தம்பி நின்னுச்சுடா. வுட்டுக் குடுக்கல."

அவள் பக்கத்தில் ஹேமநாத் ஈரத் துணியோடு நின்றுகொண்டிருந்தான். அந்தப் பக்கம் பின்னணியில் இயந்திரச் சத்தம் கேட்டது. அருணகிரி என்ன கிடைத்தது என்று கேட்டார். அவள் சொன்னாள். சரி என்றார். தம்பிக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்க அவள் வாயைத் திறப்பதற்குள் போன் நின்றுவிட்டது. கரண்ட்டோ டவரோ, ஏதோ போச்சு என்று எல்லம்மா சொன்னாள். ஹேமநாத் தலையை ஆட்டினான். பிறகு உட்கார்ந்து, மறுநாள் மெஷினில் பதிய வேண்டுமே என்று, கட்டைவிரலில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டி எடுத்தான்.